ஒற்று விழும் இடம்

பரண் சுத்தம் செய்ய வந்தவர் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றைத் தோளில் சாய்த்து இறக்கி, "சார், இது இருக்கட்டுமா, போட்டுறலாமா?" என்று கேட்டார். வாங்கித் திறந்தேன். பழைய ரெக்சின், துரு, அந்துருண்டை எல்லாம் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே என் பேஸ் கிட்டார். கம்பிகளுக்கு அடியில், பிரிட்ஜை ஒட்டி, விரலகலத்தில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு செருகியிருந்தது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுதான், பிளேடால் நறுக்கியது. தொட்டதும் மஞ்சள் தூளாகக் கொட்டிப்போயிற்று.

அதை அங்கே செருகியவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமை இரவு நடனங்களுக்கு பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் அவர். நாங்கள் மாஸ்டர் என்போம். அவருக்கு நாங்கள் எல்லோரும், வயது வித்தியாசம் பாராமல், "மேன்". மெட்ராஸ் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பார்; கோபம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழ்.

நான் அப்போது ஐ.சி.எஃப்.பில் ஷிப்ட் முடிந்ததும் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஓடுகிற ஆள். பேஸ் நான் விரும்பி எடுத்ததல்ல. குழுவில் கிட்டார் வாசிக்க இரண்டு பேர் இருந்தால் இளையவன் தலையில்தான் பேஸ் விழும். இது பெரம்பூர் வழக்கம் மட்டுமில்லை. 1961-இல் பீட்டில்ஸில் பேஸ் வாசித்தவர் விலகியபோது, வேறு யாரும் முன்வராததால் பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்ததும் இப்படித்தான்.

ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரி என்றால் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும். மைக் செட்காரர் கொண்டுவந்த ஆம்பில் என் பேஸையும் சொருகுவோம். மீன்பாடி வண்டியில் டிரம்ஸ், காங்கோ, கீபோர்டு எல்லாம் வந்து இறங்கும். கீழேயிருந்து துண்டுச் சீட்டுகள் மேடைக்கு வந்துகொண்டே இருக்கும்: இன்னார் விருப்பப் பாடல், இன்னாருக்குப் பிறந்தநாள். தகரப் பந்தலுக்குள் என் சத்தம் கும்மென்று உருண்டு, யாருடைய காதிலும் எந்த ஸ்வரமாகவும் விழாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒருநாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் கையில் ஸ்பாஞ்சோடு வீட்டுக்கு வந்தார்.

"சத்தம் பத்தலன்னு நீ நினைக்கிறே மேன். ஜாஸ்தி. முதல் சத்தம் சாகறதுக்குள்ள அடுத்ததப் போடறே. பொணத்து மேல பொணமா குவியுது."

கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்சைச் செருகியதும் என் கிட்டார் வேறு வாத்தியம்போல ஆனது. நீண்டு முழங்காமல், தும் தும் என்று ஒவ்வொன்றும் பிறந்து உடனே அடங்கியது. "உன் இடது கை இதைக் கத்துக்கற வரைக்கும் இது இருக்கட்டும்" என்றார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை. காரணம், அது இருந்தால் பந்தலில் பாட்டு நன்றாகக் கேட்டது. வாத்தியக்காரனுக்கு அதற்கு மேல் சமாதானம் தேவைப்படாது.

இடது கைக்கு அவர் வைத்த பயிற்சி வேறு. இன்ஸ்டிடியூட் ஹாலில் மரத்தளம். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு அவர் அதில் நடப்பார். குதிகால் விழும்போது நான் கம்பியைத் தட்ட வேண்டும். கால் மேலே எழும்போது சத்தம் நின்றிருக்க வேண்டும். நேராகப் போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று நிற்பார். நான் ஒன்றைக் கூடுதலாக வாசித்துவிட்டால் திரும்பிப் பார்த்து, "யாருக்கு வாசிச்சே? ஹால்ல யாரும் நடக்கலியே" என்பார். சில நாள் வேண்டுமென்றே காலை இழுத்து இழுத்து நடப்பார். தாளம் மாறாது, ஆனால் நடை சோம்பலாகிவிடும். அந்தச் சோம்பலையும் நான் வாசிக்க வேண்டும். பேஸில் ஃபிரேசிங் என்று இன்றைக்குச் சொல்வதை அவர் எனக்கு அந்தப் பெயர் சொல்லாமலே கற்றுக்கொடுத்துவிட்டார்.

சினிமாப் பாட்டு கற்றுக்கொண்டது இன்னொரு விதம். டூ இன் ஒன் டேப் ரிக்கார்டரின் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து, ஒரு வரி கேட்டு, ரீவைண்ட் செய்து, மறுபடி கேட்டு. இளையராஜா பேஸுக்கும் தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர். அதனால் அவர் பாட்டில் பேஸ் கார்டின் மூல ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அதற்கென்று ஒரு மெட்டோடு நடக்கும். அவருடைய நூறாவது படம் 'மூடுபனி', 1980-இல் வந்தது. அதில் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் கிட்டாரை மட்டும் கேட்டவர்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள் என்று இப்போதும் வாதாடுவேன். அதைக் காதில் பிடித்து விரலுக்குக் கொண்டுவருவதற்குள் அந்த கேசட்டின் நாடா இழுத்துக்கொண்டு, பென்சில் விட்டுச் சுற்ற வேண்டியதாயிற்று.

பிறகு கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸுக்குப் போதும் என்று ஆயிற்று. இன்னும் கொஞ்ச காலத்தில் அந்த இடது கையும் வேண்டாம், பென் டிரைவில் டிராக் இருக்கிறது என்றார்கள். கல்யாண ரிசப்ஷன் மேடைகள் சின்னதாகின. பெட்டி பரணுக்குப் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை; பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டு வண்டி வாடகை கொடுத்தவர்களின் கணக்கு அவர்களுக்கு.

பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற மனசு வரவில்லை. துடைத்து, புதுக் கம்பி மாட்டி, மாலையில் வாசல் திண்ணையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். ஆம்ப் இல்லாமல் பேஸ் வாசித்தால் தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்காது. மாடிப்படி இறங்கி வந்த மாடி வீட்டுப் பெண் கண்ணால் பார்த்துத்தான் நின்றாள். கல்லூரி முதல் வருஷம். அவர்கள் சபையின் இளைஞர் பாடற்குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டானாம். கிட்டார் சும்மா கிடக்கிறதாம். இவள் போனைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் வாசிக்கிறாளாம்.

"கத்துத் தர்றீங்களா அங்கிள்?"

"வாசி பார்ப்போம்மா."

வாசித்தாள். விரல் போய் விழுந்த இடமெல்லாம் சரி. போனில் டாப் என்று ஒன்று கிடைக்கிறது. எந்தக் கம்பி, எத்தனையாவது ஃப்ரெட் என்று எண் போட்டுக் காட்டிவிடும். எங்கள் காலத்தில் ஒரு மாதம் பிடித்ததை இவர்கள் ஒரு சாயங்காலத்தில் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் விரலை எங்கே வைப்பது என்று சொல்கிற அளவுக்கு, எப்போது எடுப்பது என்று அந்த எண்கள் சொல்வதில்லை. அவள் வாசிப்பில் ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரம் வந்து தள்ளிவிடும்வரை இடத்தைக் காலி செய்யவில்லை. மாஸ்டர் சொன்ன பிணக்குவியல்தான். சின்னப் பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

முதலில் அவளுடைய காதைச் சரி செய்ய வேண்டியிருந்தது. ஒரு பாட்டைப் போனில் போட்டுக் காட்டி, "இதுல பேஸே இல்லையே அங்கிள்" என்றாள். இல்லாமல் என்ன, போன் ஸ்பீக்கரில் வரவில்லை. பேஸின் நாலாவது கம்பியைச் சும்மா தட்டினால் நொடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது. ரூபாய் நாணயம் அளவுகூட இல்லாத ஸ்பீக்கர் அதை எப்படித் தள்ளும்? மேலே கிளம்புகிற நுண்சுரங்களை வைத்துக் காது தானாக ஊகித்துக்கொள்வதுதான். டிரான்சிஸ்டரில் பாட்டுக் கேட்ட எங்கள் தலைமுறைக்கும் இதே கதி. என் பையனின் பெரிய ஹெட்போனை எடுத்து மாட்டிவிட்டேன். கண்கள் அகலமாயின. "இவ்ளோ நாள் இது இருந்துச்சா?"

அடுத்து வந்தது அவளுக்குப் பிடிக்காத பகுதி. நாலாவது கம்பி, ஐந்தாவது ஃப்ரெட், ஒரே ஒரு ஏ. மெட்ரோனோமை நிமிஷத்துக்கு அறுபதில் வைத்தோம். முதலில் அடுத்த டிக் வரும்வரை முழங்க விட வேண்டும். அப்புறம் பாதியில் நிறுத்த வேண்டும். அப்புறம் கால்வாசியில். "விரலைத் தூக்காதம்மா. அழுத்தத்தை மட்டும் விடு. கம்பி மேல விரல் படுத்துக்கிட்டே இருக்கணும்." முழுக்கத் தூக்கினால் கம்பி விடுதலையாகி வேறு ஒரு முனகலைக் கிளப்பும். திறந்த கம்பியானால் இந்த வித்தையும் பலிக்காது, ஏனென்றால் அங்கே விடுவதற்கு விரலே இல்லை. இடது கையின் மற்ற விரல்களைச் சாய்த்து மூடலாம், அல்லது அடுத்த தட்டுக்கு வருகிற வலது கை விரல் கொஞ்சம் முன்னதாகவே வந்து கம்பியில் உட்கார்ந்துவிடலாம். பார்க்கிறவர்களுக்கு எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். பேஸ்காரன் செய்கிற வேலையில் பாதி இதுதான்.

"இதுல பாட்டு எங்க அங்கிள்?" என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி.

ஷூ போட்டு நடந்து காட்ட எனக்கு மரத்தளம் இல்லை. முழங்காலும் இடம் தராது. பிளஸ் டூவில் தமிழ் படித்தாயா என்று கேட்டேன். படித்தாளாம், அலகிடுவதெல்லாம் நன்றாக வருமாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று அவளே ஒப்பித்தாள். "சரி, நான் வாசிக்கறேன், என்ன வார்த்தைன்னு சொல்லு. படம், பாடம், பட்டம், மூணுல ஒண்ணு."

ஒரே ஏ-யைத்தான் வாசித்தேன். முதலாவது குட்டையாக இரண்டு. "படம்." முதலாவதை இழுத்து, இரண்டாவதைக் குட்டையாக. "பாடம்!" மூன்றாவதுக்கு ஒரு குட்டை ஸ்வரம், பிறகு இடது விரலை அழுத்தாமல் கம்பியில் படுக்கவைத்து வலது கையால் ஒரு தட்டு. ஸ்வரம் வராது, டக் என்று ஓசை மட்டும் வரும். பிறகு இன்னொரு குட்டை ஸ்வரம். அவள் கத்திவிட்டாள்: "பட்டம்! அந்த 'ட்' கேட்டுச்சு அங்கிள்!"

ஆங்கிலத்தில் இதற்கு கோஸ்ட் நோட் என்று பெயர். எங்களுக்குள் அது அன்று முதல் ஒற்று. தனியாக நிற்காது, தனக்கென்று ஸ்வரம் கிடையாது, ஆனால் அதை எடுத்துவிட்டால் பட்டம் வேறு படம் வேறு என்று தெரியாமல் போய்விடும். அன்றிலிருந்து திண்ணையில் ஒரே வார்த்தை விளையாட்டு. காக்கா, கத்தரிக்காய், கோயம்பேடு, தண்டையார்பேட்டை. தண்டையார்பேட்டையில் மாட்டிக்கொள்வாள், நானும்தான்.

இந்த விளையாட்டில் நான் நினைத்துப் பார்க்காத ஒரு பாடத்தை அவளுடைய அம்மா எடுத்தார். மாடியிலிருந்து "சாப்பிட வா!" என்று குரல் வந்தது. அவள் அதைக் கிட்டாரில் வாசித்தாள், 'வா' நீண்டு மெதுவாக இறங்கியது. போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே இரண்டு வார்த்தை மறுபடியும் வந்தது, இந்த முறை 'சாப்' என்பதில் அடி விழுந்து 'வா' வெடுக்கென்று நின்றது. அவள் அதையும் வாசித்தாள். எழுத்து அதே எழுத்து, ஸ்வரம் அதே ஸ்வரம். முதலில் பாசம், பிறகு எச்சரிக்கை. எந்த எழுத்தில் அழுத்துவது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை நான் ஒரு மாதம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. மூன்றாவது குரலுக்கு அவள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

மற்றவை சீக்கிரம் வந்தன. ஐந்தாவது ஃப்ரெட்டில் தட்டிவிட்டு, வலது கையால் மறுபடி தட்டாமல், இடது கையின் இன்னொரு விரலை ஏழில் அறைந்தால் ஒரே தட்டில் இரண்டு ஸ்வரம், ஹாமர் ஆன். இரண்டு எழுத்தை ஒரே மூச்சில் சொல்வதற்கு அது. ஐந்திலிருந்து ஏழுக்கு விரலை அழுத்தியபடியே வழுக்கினால் ஸ்லைடு. ஸ்லைடு கற்றுக்கொண்ட வாரம் அவள் வாசித்த கீர்த்தனை முழுக்க எண்ணெய் வழிந்தது. ஒரு சரணத்துக்கு ஒரு ஸ்லைடுதான், எங்கே என்று நீயே முடிவு செய் என்று கட்டுப்பாடு போட்டேன். எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் வைத்தாள். நானும் அங்கேதான் வைத்திருப்பேன்.

ஸ்லாப் கற்றுக்கொடுக்கச் சொல்லி நச்சரித்தாள். கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிப்பது. வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும். லாரி கிரஹாம் என்பவர் தன் தாயாரோடு மேடையில் வாசித்தபோது, டிரம்மர் இல்லாத குறையை ஈடுகட்டத்தான் அப்படி அறைய ஆரம்பித்தார். "உங்க சர்ச்சுல டிரம்மர் இருக்கான் இல்ல? அப்புறம் என்ன?" என்று வாயை அடைத்துவிட்டேன். ஆரம்பத்திலேயே ஸ்லாப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஸ்வரத்தை முழு நீளத்துக்குப் பிடித்து நிறுத்தும் பொறுமை போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம். இளைஞர்கள் சண்டைக்கு வரலாம்.

ஜேம்ஸ் ஜேமர்சன் பற்றி நான் தெரிந்துகொண்டது இந்த நாட்களில்தான், அவளுக்காகத் தேடப்போய். டெட்ராய்ட் நகரில் மோடவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர். 1936-இல் பிறந்து 1983-இல் மறைந்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசிப்பார், அந்த விரலுக்கு 'ஹூக்' என்றே பெயர். பழைய கம்பிகளை லேசில் மாற்ற மாட்டார். அவருடைய ஃபெண்டர் பிரிசிஷனில், பிரிட்ஜ் மூடிக்கு அடியில், ஸ்பாஞ்ச் வைத்திருந்தாராம்! பெரம்பூரில் மாஸ்டர் தானாகக் கண்டுபிடித்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வித்தை. அவர் ரேடியோவில் கேட்டுப் பிடித்தாரா, யாராவது ரயில்வே நண்பர் சொன்னாரா, இனி யாரிடம் கேட்பது? அத்தனை ஹிட் பாட்டுகளுக்கு வாசித்த ஜேமர்சனின் பெயர் வருஷக்கணக்கில் எந்த உறையிலும் அச்சாகவில்லை. 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டில்தான் வந்தது. துண்டுச் சீட்டில் பாடகர் பெயரை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. அவளோ ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஒரே விரல்லயா?" என்று ஒரு வாரம் ஒற்றை விரலில் வாசித்துப் பார்த்துக் கொப்புளம் வாங்கிக்கொண்டாள்.

சபையில் முதல் பிராக்டிஸுக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். டிரம்ஸ் வாசிக்கிற பையன், "நடுவுல நடுவுல நின்னு போகுது, வயர் லூஸா?" என்று கேட்டானாம். நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். முதல் தட்டில் அவனுடைய கிக் விழும்போது நீயும் விழு. இரண்டாவது தட்டில் அவன் ஸ்னேரை அடிக்கிற அதே கணத்தில் உன் சத்தம் அறுந்து போகட்டும். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். அவனிடம் எதுவும் சொல்லாதே.

அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பையன் எல்லோரிடமும், "ஸ்னேருக்குப் புதுத் தோல் மாத்தினேன், எப்படிக் கேக்குது பாரு" என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறானாம்.

"சொல்லிடவா அங்கிள்?"

"வேண்டாம்மா. தோலுக்குக் காசு கொடுத்திருக்கான் பாவம்."

போன கிறிஸ்துமஸுக்குச் சபையில் புது பேஸ் வாங்கினார்கள், ஐந்து கம்பி. எனக்கு ஐந்து கம்பி மேல் மரியாதை இருந்ததில்லை. லியோ ஃபெண்டர் 1951-இல் நாலு கம்பியோடு கொண்டுவந்தார், ஜேமர்சனுக்கு நாலு போதும், மாஸ்டருக்குப் போதும். "இந்தக் கூடுதல் கம்பிய என்ன பண்றது அங்கிள்?" என்று கேட்டாள். "வலது கைக் கட்டைவிரல வைக்க இடம்" என்றேன்.

கேரல் ஆராதனைக்கு என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தாள். கடைசிப் பாட்டு டி-யில். மூன்று சரணமும் நான் சொன்னபடியே கட்டைவிரலை அந்தக் கம்பியில் வைத்துக்கொண்டு, ஒற்றும் குறிலுமாக அடக்கி வாசித்தாள். கடைசிச் சரணத்தில் கூட்டம் எழுந்து பாடத் தொடங்கியதும் இடது கையை மேலே கொண்டுபோய் அந்த ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்து ஒரு டி-யை இறக்கினாள். நீண்ட நெடில். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. என் நாலு கம்பியில் அந்த டி கிடையாது. கம்பியைத் தளர்த்தினால்தான் வரும். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "கட்டைவிரல் கொஞ்சம் வழுக்கிடுச்சு அங்கிள்" என்றாள்.

போன மாதம் மவுண்ட் ரோடு பக்கம் போனபோது ஐந்து கம்பி பேஸ் என்ன விலை என்று சும்மா விசாரித்து வைத்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.